பன்னிரண்டுக்கு ஒன்பது

முந்தாநாள் மாலை அப்பா போனில் பேசியபோது நீங்கள் இருவரும் நம் விடுதி அறையில்தான் இருந்தீர்கள். பரீட்சை முடிந்து ஊருக்கு வந்ததும் எல்லோருமாக அமராவதிக்குப் போகலாம், ஆற்றோரமாக நடக்கலாம், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டேன். புதன் என்றார். சரிங்கப்பா என்று வைத்துவிட்டேன். என் முகம் மாறியதைப் பார்த்து, அப்பா ஆற்றுக்கு அழைத்துப் போகிறேன் என்பதைக்கூடச் சந்தேகப்படுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சிரித்தீர்கள். எனக்குப் பேச்சில் சொற்கள் ஒழுங்காக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் குடும்பம் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் ஆற்றுக்குப் போயிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவும் மே மாதம். அதுவும் புதன்கிழமை.

அதற்கு முன் என் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் திறக்கும்போதெல்லாம் ஜவுளிக் கடையைத் திறந்தது போல இருக்கிறது என்று கேலி செய்கிறீர்கள். எங்கள் வீடு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்களுடைய பனியன் யூனிட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே தைத்து, செக்கிங் முடித்து, இஸ்திரி போட்டு, பாலிபேக் உறைக்குள் வைத்து, பேக்கிங் செய்வார்கள். டி-ஷர்ட்டைக் குப்புறப் போட்டு முதுகில் அட்டையை வைத்து, இரு பக்கமும் உள்ளே மடித்து, கைகளைப் படியவைத்து, கீழிருந்து மேலே ஒரே மடிப்பு. அட்டையை உருவினால் பன்னிரண்டு அங்குல நீளம், ஒன்பது அங்குல அகலம். பெட்டியில் அடுக்கும்போது ஒன்றின் கழுத்து இந்தப் பக்கம் என்றால் அடுத்ததன் கழுத்து அந்தப் பக்கம். அப்போதுதான் அடுக்கு சாயாது. எங்கள் வீட்டில் உள்ளாடை முதல் பள்ளிச் சீருடை வரை எல்லாம் அப்படித்தான் மடிக்கப்பட்டது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பேக்கிங்கைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கோ அது கையோடு பிறந்த வழக்கம். துவைத்த துணி எங்கே கிடந்தாலும், பேசிக்கொண்டே எடுத்து மடித்துவிடுவார்.

அத்தை மட்டும் அப்படி மடிக்க மாட்டார். அவர் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இளைய தங்கை. கோவையில் விடுதியில் தங்கி வேதியியல் படித்துவிட்டு வந்திருந்தார். கொடியிலிருந்து உருவியதை உருவியபடியே பீரோவுக்குள் திணிப்பார். அம்மா கடிந்துகொண்டால், "ஊட்டுக்குள்ளயுமா பேக்கிங் செக்சன் நடத்தறதுங்க?" என்பார்.

அந்த மே மாதத்தில் அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. அவிநாசிபாளையத்துப் பக்கம் தோட்டமும் இரண்டு யூனிட்டும் உள்ள குடும்பம். அத்தை வேண்டாம் என்றார். காரணம் கேட்டால், "இப்ப வேண்டாங்கண்ணா" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நல்ல வரனை ஒரு பெண் வேண்டாம் என்றால் அவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று பொருள். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் தர்க்க நூலில் இருந்த ஒரே சூத்திரம் அதுதான். சித்தப்பாவுக்குக் கூடுதலாக ஒரு கவலையும் இருந்தது. தங்கைக்கு முடித்த பிறகுதான் அவருக்குப் பெண் பார்ப்பார்கள்.

ஒரு மதியம் நான் அத்தையின் அறையைக் கடந்து போனேன். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு மஞ்சள் கவரை அவர் பீரோவின் மேல்தட்டில், புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்தார். அவ்வளவுதான்.

அந்தக் கவரில் இருந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றின் அசல்; கூடவே ஹைதராபாத்தில் நீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வேலை ஆணை. ஜூன் முதல் வாரம் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது. அவை கைவிட்டுப் போனால் வேலையும் போகும். வேலை போனால் அவிநாசிபாளையம்தான். ஒன்பது வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது, அது வாய்க்குள் மிட்டாய் மாதிரி கரைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அத்தைகிட்ட மஞ்சக் கவர் ஒண்ணு இருக்குதுங்கம்மா. ஒளிச்சு வெச்சிருக்கறாங்க."

சீப்பு நின்றது. "என்ன கவரு கண்ணு?"

"தெரியலீங்க. என்னையப் பாத்ததும் பேசாதேன்னாங்க."

"ஒட்டியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"ஒட்டியிருந்துச்சுங்க." அதை நான் பார்க்கவே இல்லை. கேள்வி அவ்வளவு ஆவலாக வந்ததால் அப்படிச் சொன்னேன். அம்மா பின்னலை இறுக்கிய இறுக்கில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று நாட்கள் வீட்டில் கதவுகள் சத்தமில்லாமல் சாத்தப்பட்டன. அப்பாவும் சித்தப்பாவும் மொட்டை மாடியில் நின்று பேசினார்கள். நான் போனால் நூல் விலை பற்றிப் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் அமராவதிக்குப் போலாம். புள்ளைக்கு லீவு முடியப் போகுது."

எங்கள் அப்பா நோம்பி, பண்டிகை நாளில்கூடக் காலையில் ஒரு நடை கீழே போய் மெஷின்களைப் பார்த்துவிட்டு வருகிறவர். என் அம்மாவின் கை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். பிறகு, "போலாங்கண்ணா, நல்லா இருக்கும்" என்றார்.

புதன்கிழமை காலையில் சித்தப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. ஆறு இட்லி சாப்பிட்ட பிறகு வந்தது. அவர் வீட்டிலேயே இருந்துகொள்வதாக முடிவானது. அம்மா புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டினார். உருளைக்கிழங்கை வறுத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டார். அத்தை என் பள்ளிப் பையைக் காலி செய்து, மாற்று உடையும் துண்டும் வைத்து, தானே அடுக்கிக் கொடுத்தார். அதற்கு முன் அவர் என் பையைத் தொட்டதே இல்லை.

"ஈரக் கையோட பையத் தொறந்துறாத கண்ணு. என்ன வேணும்னாலும் எங்கிட்டக் கேளு, நான் எடுத்துத் தர்றேன்."

கிளம்பும்போது அம்மா, "அம்மிணி, பீரோ சாவிய எதுக்குக் கொண்டுட்டு வர்ற? ஆத்துல உளுந்துச்சுன்னா வெசனமாப் போயிரும். இங்கயே வெச்சுட்டு வா" என்றார். அத்தை அந்தச் சாவியைக் குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து அம்மா அடுத்த வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அத்தை, "அதுவுஞ் சரிதானுங்க நங்கை" என்று, அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அழைக்கும் முறையில் மரியாதையாகச் சொல்லி, சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டினார். அது ஆணியில் இரண்டு முறை ஆடி நின்றதை நான் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார்.

பல்லடம் தாண்டி உடுமலை வரை காற்றாலைகளை எண்ணிக்கொண்டே போனேன். அணைக்குக் கீழே ஒரு தோப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். மலை அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மேலே வெயிலில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. கீழே மடிப்பு மடிப்பாகக் கருநீலம். ஆறு பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவு ஓடியது. எனக்கு அந்த ஆற்றைப் பார்க்க ஏமாற்றமாக இருந்தது. நான் அதுவரை பார்த்திருந்த ஒரே ஆறு, சாயப்பட்டறைக் கழிவு ஓடும் எங்கள் ஊர் நொய்யல். பாலத்தின் மேல் பஸ் போகும்போது, இன்றைக்கு என்ன கலர் என்று எட்டிப் பார்ப்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு.

"ஏனுங்கத்தை, இந்த ஆத்துல கலரே இல்ல?"

அத்தை தண்ணீர்ப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "கலர் இல்லாட்டி சுத்தம்னு நெனச்சுக்காத கண்ணு. உள்ள என்ன இருக்குதுன்னு கண்ணுல பாத்தாத் தெரியாது."

மருத மரத்தடியில் விரிப்பு விரித்தோம். பாய் அல்ல, ரோலில் மிஞ்சிய துணி, வெளிறிய ஊதா. ஊசி பழுதானதால் நீள வாக்கில் ஒரு கோடு விழுந்து ஒதுக்கப்பட்டது. அப்பா உட்கார்ந்த பிறகும் அந்தக் கோட்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. பாறை மேல் ஏறினார், இறங்கினார், வேறு பாறை மேல் ஏறினார்.

"அண்ணா, நீங்க லீவு போட்டு நான் பாத்ததே இல்லீங்க" என்றார் அத்தை, இலையில் புளிச்சோற்றை வைத்தபடி. "என்ர பட்டமளிப்புக்குக் கூப்பிட்டப்பக்கூட ஷிப்மென்ட்டுன்னீங்க. இன்னைக்கு ஷிப்மென்ட் இல்லீங்களா?"

"அதெல்லாந் தம்பி பாத்துக்குவான்."

"வயித்து வலியோடவா?"

அம்மாவுக்குப் புரை ஏறியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அப்பா, "ஏம்மிணி, புளிச்சோறு உப்புச் சரியா இருக்குதா?" என்றார். அத்தை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

சாப்பிட்டதும் அத்தை மேல்புறமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அம்மா என் தோளை அழுத்தினார். "நீயும் போ கண்ணு. அத்தை எங்க போனாலுங் கூடவே இரு. யாராச்சும் வந்து பேசுனா எங்கிட்ட வந்து சொல்லு." கடைசி வாக்கியத்தை மட்டும் காதருகில் சொன்னார். கிளம்பும் முன் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாறை உச்சியில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்: "கெடச்சுதா? எல்லாத் தட்டுலயும் பாத்தியா? துணிக்கு அடியில பாத்தியா?"

யூனிட் விஷயமாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ளத்தான் முயன்றேன். யூனிட்டில் எதையும் துணிக்கு அடியில் தேட மாட்டார்கள். அங்கே எல்லாமே துணிதான். மஞ்சள் கவர் எந்தத் தட்டில் இருந்தது என்று அம்மா கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு அத்தையின் பின்னால் நடந்தேன். முதுகில் தட்டையாக ஏதோ அழுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மரத்துக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். எதிரே ஒரு மீன்காரர் வந்தார்; அவர் அத்தையைப் பார்த்தாரா என்று பார்த்தேன். அவர் என் காலில் செருப்பில்லாததைத்தான் பார்த்து, "சுடுமே சாமி" என்றுவிட்டுப் போனார்.

நீர் குறுகிய ஓர் இடத்தில் அத்தை நின்றார். "கவர் விசயத்த யாருகிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?"

"இல்லீங்கத்தை."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல புள்ள" என்றார். அந்தச் சிரிப்பை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்கரைக்குப் போகக் கல் மேல் கல்லாகத் தாண்டினோம். மூன்றாவது கல்லில் பாசி. என் கால் வழுக்கியது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். முழங்கால் பாறையில் உரசிக் கிழிந்தது. அத்தை பாய்ந்து பிடித்தார். அவர் பிடித்தது என் கையை அல்ல. பையை. தோள் பட்டையைப் பற்றித் தூக்கினார். பை தண்ணீர் படாமல் மேலே நின்றது. நான் அதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தேன். என் காலைப் பார்ப்பதற்கு முன் பையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமில்லை. அதன் பிறகுதான், "ஐயோ கண்ணு" என்றார். துப்பட்டாவை நனைத்து என் முழங்காலைத் துடைத்தார். நான் அழவில்லை. எனக்கு வலித்தது முழங்காலில் இல்லை.

திரும்பும்போது வண்டியில் அப்பாவின் கழுத்து விறைத்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரிந்தன. சித்தப்பா வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அத்தை ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கூடவே இரு என்ற கட்டளையை யாரும் இன்னும் திரும்பப் பெறவில்லை. பீரோவைத் திறந்தார்.

உள்ளே அத்தனை துணியும் மடிக்கப்பட்டிருந்தது. டி-ஷர்ட்டுகள், சுடிதார் மேல்சட்டைகள், துப்பட்டாக்கள், கைக்குட்டைகள் வரை. பன்னிரண்டுக்கு ஒன்பது. ஒரு கழுத்து இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். வெளிர் நிறங்கள் மேலே, அடர்ந்தவை கீழே. அடுக்குகள் அளவுகோல் வைத்தாற்போல் நின்றன. கலைத்துத் தேடியவர் மறுபடி திணித்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் சித்தப்பாவின் கை அதற்கு இடம்கொடுக்கவில்லை.

அத்தை சிரிக்கத் தொடங்கினார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சின்னண்ணா! இங்க வாங்க!"

எல்லோரும் வந்தார்கள்.

"பாலிபேக் போட மறந்துட்டீங்களேங்கண்ணா. சைஸ் ஸ்டிக்கருங் காணோம்."

சித்தப்பாவின் முகம் போன போக்கை எழுத எனக்குத் திறமை போதாது. "அது வந்து... கசங்கிக் கெடந்துச்சு அம்மிணி. பாக்கச் சகிக்கல" என்றார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "பையக் குடு கண்ணு." துண்டையும் உடையையும் எடுத்து வெளியே வைத்தார். பையின் முதுகுப் பக்கம், அட்டைக்கும் துணிக்கும் நடுவே கையை விட்டு உருவினார். மஞ்சள் கவர். அது ஒட்டப்படவே இல்லை. அப்பாவின் கையில் கொடுத்தார். "இதத்தானுங்களே தேடுனீங்க?"

அப்பா ஒவ்வொரு தாளாக எடுத்தார். மதிப்பெண் பட்டியல். பட்டம். வேலை ஆணை. திருப்பிப் பார்த்தார். கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை.

"வேற ஒண்ணுமில்லியா?"

"வேற என்ன வேணுங்கண்ணா?"

"இவ்வளவுதானா!" என்றார் அப்பா. அந்தக் குரலை நான் மறக்கவில்லை. மூன்று நாளாக அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒருவன் எழுந்து போன குரல் அது. "வேலதான? ஏம்மிணி, இத மொதல்லயே சொல்லறதுக்கு என்ன?"

"சொன்னேனுங்க. மாசியில ஒருக்கா, பங்குனியில ஒருக்கா. பொட்டப்புள்ள ஐதராபாத்துக்கான்னு ரெண்டு தடவையும் எந்திரிச்சுப் போயிட்டீங்க."

இவ்வளவுதானா என்று சொன்ன வாயால் உடனே கூடாது என்று சொல்ல அப்பாவால் முடியவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அத்தை ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புறப்படும் நாளன்று பெட்டி அடுக்க அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பீரோவிலிருந்து அடுக்கு அடுக்காக எடுத்து அப்படியே வைத்தார். மேலே ஒன்றுகூடச் சரியவில்லை. சித்தப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

இலக்கிய வகுப்பில் உங்களோடு சேர்ந்து ஒரு பிரதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பழகிய பிறகு, அந்த வாரத்தையும் அப்படி வாசித்துப் பார்க்கிறேன். எப்போதும் கதவைத் தாழிட்டுக்கொள்கிற அத்தை, அன்று ஏன் பாதி திறந்து வைத்திருந்தார்? பேசாதே என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை பேசிவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு வேலையைப் பெரிதாக நினைத்து மறுத்த அண்ணனுக்கு, அதைவிடப் பெரிய பயம் ஒன்றை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தாரா? பொங்கலுக்கு அத்தை வரும்போதெல்லாம் கேட்க நினைப்பேன். அவர் என் முழங்கால் தழும்பைத் தடவி, "இன்னும் போகலையா?" என்பார். நான் கேட்காமல் விட்டுவிடுவேன். என்னை நம்பிப் பையைக் கொடுத்தாரா, வேவு பார்ப்பவளின் முதுகை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று கொடுத்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

இனி முந்தாநாள் விஷயம். டெல்லியில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்த கடிதத்தை உங்கள் இருவருக்கு மட்டும்தான் காட்டினேன். அப்பாவிடம் டெல்லி பற்றி இரண்டு முறை கேட்டிருக்கிறேன். கோவையிலேயே படிக்கலாமே என்று இரண்டு முறையும் எழுந்து போய்விட்டார். கடிதம் வந்ததை வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களில் ஒருத்தியை அழைத்துப் பேசினார் என்பதை அறிவேன். யார், என்ன சொன்னீர்கள் என்று கேட்க மாட்டேன். தலை பின்னும்போது நான் சொன்னதைவிட அது பெரிய குற்றமல்ல.

சித்தப்பாவுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நேற்று கடைவீதியில் அவளுக்கு ஒரு முதுகுப் பை வாங்கினேன். முதுகோடு ஒட்டி உள்ளே அட்டை வைத்த பை. ஆற்றுக்குக் கிளம்பும் முன் வீட்டில் என் பீரோவிலுள்ள துணிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். சித்தப்பாவுக்கு இந்த முறையும் வயிற்று வலி வந்தால், டெல்லிக்கு எனக்கு மடிக்கிற வேலை மிச்சம்.

இவ்வளவையும் அப்பா பேசி முடிப்பதற்குள் யோசித்துவிட்டேன். அப்படியானால் முகம் ஏன் மாறியது என்பீர்கள். அமராவதியில் அந்தக் கற்கள் இன்னும் இருக்கும், பாசியும் இருக்கும். அந்தச் சின்னப் பெண் என் கடிதம் உள்ள பையோடு அவற்றின் மேல் தாண்டுவாள். அவள் கால் வழுக்கினால் என் கை முதலில் எதைப் பிடிக்கும் என்று யோசித்தேன்.